ஏழாம் அத்தியாயத்தில் தட்டியவர்

அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை, கடைசியில், அந்த ஆளை உண்டாக்கியவரிடமே பத்திரிகை ஆசிரியர் ஒப்படைத்தார்.

"உங்களை விட்டா வேற யாருக்குக் கொடுக்கிறது? புத்தகத்தை எழுதினதே நீங்கதானே" என்றார். மேசை மேல் கடிதக் கட்டு ஒன்று கயிறு போட்டுக் கிடந்தது. "நூத்திப் பதினேழு லெட்டர். எல்லாருக்கும் ஒரே கேள்வி. சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து தட்டினது யாரு? அவர் என்ன ஆனார்?"

நிருபருக்குக் கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது. "தேடியே ஆகணுமா சார்?"

"என் வீட்டம்மா ரெண்டு நாளா என்கூடச் சரியாப் பேசல. 'அந்த மனுஷனை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களே'ங்கிறா. நான் எங்க போனேன், எங்க விட்டுட்டு வந்தேன்? இன்னைக்கே ஆரம்பிங்க."

நிருபருக்கு அலுவலகத்தில் கூட்டாளி என்று பெயர். பத்திரிகை வேலை போக மிச்ச நேரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து புத்தகம் எழுதுவார். ஆபத்திலிருந்து பிழைத்து வந்தவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் கதையை எழுதுவது ஒரு பக்கம். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரோடு சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுவது இன்னொரு பக்கம். இரண்டு அட்டையிலும் இவர் பெயர் கீழேதான் இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும்.

வீட்டில் அவருக்கு இரண்டு மேசைகள். ஜன்னலோர மேசை உண்மைக்கு. சமையலறை ஓரத்து மேசை பொய்க்கு. ஒரு மேசைக் காகிதம் மறு மேசைக்குப் போகக் கூடாது என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பதினைந்து வருஷம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினார். பதினாறாம் வருஷம் இஸ்திரியக்கா வந்து சேர்ந்தார்.

இஸ்திரியக்கா ஒரு பெரிய சலவை நிலையத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். அடைமழையில் ஒரு மத்தியானம், கட்டடத்தின் மேல் பக்கத்து மண்மேடு சரிந்து விழுந்தது. சாப்பாட்டு வேளை. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அக்கா மட்டும் உள்ளே துணி அறையில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள்தான் அவரை உயிரோடு வெளியே எடுத்தார்கள்.

அந்த மூன்று நாளைப் பற்றிக் கேட்கத்தான் கூட்டாளி ரிக்கார்டரோடு போய் உட்கார்ந்தார்.

"இருட்டுல என்னக்கா பண்ணீங்க?"

"தூங்கினேன் சார்."

"முழிச்சதும்?"

"இருட்டா இருந்துச்சு. மறுபடியும் தூங்கினேன்."

"பயமா இல்லையா?"

"தூக்கத்துல என்ன சார் பயம்?"

ஆறு நாள் விதம்விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஒரு டிரம் தண்ணீர் இருந்தது, விரிப்புகள் மெத்தென்று இருந்தன, மற்றபடி தூக்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. இரண்டாம் நாளுக்குப் பிறகு கேள்வி கேட்டாலே அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்துவிடுவார்.

பதிப்பாசிரியை கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மூணு நாளும் இவங்க தூங்கினா படிக்கிறவங்களும் சேர்ந்து தூங்கிடுவாங்க. ஏழாவது அத்தியாயத்துல ஏதாவது நடக்கணும் சார்."

கூட்டாளி அன்று வெகுநேரம் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். சமையலறை ஓரத்து மேசையில், ஒரு நாவலிலிருந்து வெட்டி எறிந்த நாலு பக்கம் கிடந்தது. கடத்தப்பட்ட இரண்டு பேர், நடுவில் சுவர். ஒருவர் மூன்று தடவை தட்டுவார். மற்றவர் இரண்டு தடவை பதில் தட்டுவார். மூன்றாம் நாள் காலை அந்தப் பக்கத்துத் தட்டல் நின்றுவிடும். இரண்டு மேசைக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம். அந்த நாலு பக்கத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு அடியும் நடந்தபோது, யாரும் பார்க்காத வீட்டில், அவர் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதற்கென்று நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அக்கா ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். படித்தீர்களா என்று கேட்க இவருக்கு வாய் எழும்பவில்லை. தயார் செய்த வாக்கியங்களை முழுங்கிவிட்டு வந்தார்.

வெளியீட்டு விழா அன்று மேடைக்குப் பின்னால் அக்கா அவரைத் தனியே கூப்பிட்டார்.

"சார், அந்தத் தட்டின விஷயம்... நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

கூட்டாளியின் காது மடல் இரண்டும் தீப்பற்றிக்கொண்டன. "அக்கா, மன்னிச்சுக்கங்க. நான் வந்து..."

"நான் திருப்பித் தட்டினேன்னு வேற போட்டிருக்கீங்க."

"ஆமாக்கா."

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பார். அதற்கப்புறம் அக்கா இவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை. மேடையில் ஒரு வார்த்தை பேசாமல் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் இறந்துபோனவரை நினைத்து அழுகிறார் என்று கூட்டமே மூக்கைச் சிந்தியது. புத்தகம் பறந்தது.

இப்போது ஊரெல்லாம் தட்டுகிறார்கள். லிஃப்டில் தட்டுகிறார்கள், பஸ் கம்பியில் தட்டுகிறார்கள். குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு மூன்று தடவை தட்டப்பட்டது. கூட்டாளி சோப்பைக் கீழே விட்டார்.

"அப்பா! ரெண்டு தடவை திருப்பித் தட்டணும்ப்பா! அப்பதான் நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அர்த்தம்" என்று மகள் கத்தினாள்.

அதற்குப் பின்னாலேயே மனைவி குரல். அவர் எழுதிய எந்தப் புத்தகத்தையும் பத்துப் பக்கம் தாண்டாதவள் இதை மட்டும் இரண்டு முறை படித்திருந்தாள். "ஏங்க, அந்த மனுஷன் கெடைச்சாரா? பாவம்ங்க. அவருக்கும் வீட்டுல ஒருத்தி இருந்திருப்பா இல்ல?"

கூட்டாளி குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

தேட வேண்டிய ஆள் இல்லாமல் போனால் தேடல் முடிந்தது என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு டாக்டரைப் பார்த்துப் பேசி, 'இருட்டில் தனியாக அடைபட்டவர்களுக்கு இல்லாத ஓசைகள் கேட்பது உண்டு' என்று அரைப்பக்கம் எழுதினார். தட்டல் வெறும் பிரமையாக இருக்கலாம் என்று மெதுவாக, நோகாமல் முடித்தார்.

மறுநாள் காலை இஸ்திரி போடும் பெண்கள் நாற்பது பேர் அலுவலக வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டி.

"மூணு நாள் மண்ணுக்குள்ள கிடந்து வந்தவளைப் பொய்க்காரிங்கிறான். யாருய்யா அவன்? வெளிய வரச் சொல்லு. சட்டையை அவன் போட்டிருக்கும்போதே தேச்சு விடறோம்!"

ஆசிரியர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு அவசரமாக மூடினார். "கூட்டாளி, நாலு வரி வருத்தம் எழுதிடுங்க. பெட்டியெல்லாம் சூடா இருக்கும் போலிருக்கு."

எழுதினார். 'தட்டல் ஓசை உண்மையே. அதில் ஐயத்துக்கு இடமில்லை.' கீழே பெயர், பக்கத்தில் புகைப்படம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பெயர் பெரிய எழுத்தில் வந்தது.

தட்டல் உண்மை என்றால் தட்டியவரும் உண்மை. தட்டியவர் உண்மை என்றால், 'உள்ளே வேறு யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தீயணைப்பு அதிகாரி ஒரு மனிதரை மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இடிபாட்டைத்தான் எப்போதோ லாரியில் அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டியாகிவிட்டதே, இனி எதைத் தோண்டிப் பார்ப்பது? மேலிடம் அவரைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தது. விசாரணைக்கும் நாள் குறித்தது.

இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரியே கூட்டாளியைத் தேடிக்கொண்டு வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல், எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல நின்றார். பெரிய மீசை. அதற்கு மேலே தூக்கமில்லாத கண்கள்.

கூட்டாளி எழுந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது. திட்ட வந்திருக்கிறார், நன்றாகத் திட்டட்டும் என்று தயாரானார்.

"சார், உங்க புத்தகம் படிச்சேன். ஏழாவது அத்தியாயத்துக்கு மேல போக முடியல" என்றார் அதிகாரி. "நீங்க அவரைத் தேடுறீங்கன்னு பேப்பர்ல பார்த்தேன். யாரு என்னன்னு தெரிஞ்சா, எனக்கு முதல்ல சொல்லிடுங்க சார்."

"எ... எதுக்கு?"

"அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். வேலை போறது கிடக்கட்டும். நான் தெனமும் காலையில அந்த இடத்துல போய் நின்னுட்டு வர்றேன் சார்."

கூட்டாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "டீ சாப்பிடுறீங்களா?" என்றுதான் வந்தது. அதிகாரி போன பிறகு அந்த டீயை இவரே குடித்தார்.

நேராக இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனார். துப்பறியும் நாவல்களில் முதல் பெயர்க்காரர். சர்வீஸில் இருந்தபோது சைக்கிள் திருட்டுகளை மட்டுமே விசாரித்தவர். நாவலில் மட்டும் வாரம் மூன்று கொலை.

"வாய்யா, என் நாலு பக்கத்தைத் தூக்கிட்டுப் போனவனே" என்று வரவேற்றார். "படிச்ச அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். திருடறதுதான் திருடினே, எங்கிட்ட வித்தை கேட்டுட்டுத் திருடக் கூடாதா?"

"சார், ஒரு நல்ல மனுஷன் வேலை போகப் போகுது."

"அழாத. இப்ப என்ன பிரச்சினை? அந்த ஆள் செத்துட்டான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. உயிரோட இருக்கான்னு காட்டிடு. பொணம் இல்லைன்னா கேஸ் இல்ல. சிம்பிள்."

இரண்டு பேரும் உட்கார்ந்து கடிதம் ஒன்று தயாரித்தார்கள். 'தட்டியவன் நான்தான். மூன்றாம் நாள் காலை பின்பக்கம் ஒரு துவாரம் தெரிந்தது. அதன் வழியாக வெளியேறிவிட்டேன். நலமாக இருக்கிறேன். விளம்பரம் விரும்பாதவன். தயவுசெய்து என்னைத் தேட வேண்டாம்.' 'தயவுசெய்து' என்பதை இன்ஸ்பெக்டர் சேர்த்தார். அப்போதுதான் நல்ல குடும்பத்துப் பையன் என்று நம்புவார்களாம்.

கடிதம் முதல் பக்கத்தில் வந்தது. கூட்டாளி அன்று காலை ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். மத்தியானம் வரைதான் அந்தச் சந்தோஷம்.

விளம்பரம் விரும்பாதவன் சலவை நிலையத்துக்குள் எதற்குப் போனான் என்று அதன் முதலாளி கேட்டார். போன வருஷத்திலிருந்தே துண்டுகள் காணாமல் போகின்றன என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார். ஆகவே தட்டியவர் இப்போது தேடப்படும் துண்டுத் திருடர். அதைவிட மோசம் இன்னொன்று. சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துவாரம் இருந்ததைக்கூடப் பார்க்காத தீயணைப்பு அதிகாரி என்ன அதிகாரி? ஒன்று கண் தெரியாதவர், அல்லது திருடனுக்கு உடந்தை. விசாரணை வெள்ளிக்கிழமைக்கே முன்கூட்டி வைக்கப்பட்டது.

"இப்ப என்ன சார் பண்றது?" என்று போனில் கேட்டார் கூட்டாளி.

"கதை நல்லா சூடு பிடிச்சிருக்குய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "அடுத்த நாவலுக்கு வெச்சுக்கலாம்."

வியாழக்கிழமை காலை கூட்டாளி ஒரு முடிவோடு இஸ்திரியக்கா வீட்டுக்குப் போனார். விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், அதற்கு முன்னால் உங்கள் காலில் விழ வந்தேன் என்று சொல்ல நினைத்தார். கதவைத் தட்டினார். எத்தனை தடவை தட்டுவது என்று ஒரு கணம் யோசித்து, நாலு தடவை தட்டினார்.

அக்காவின் கணவர் திறந்தார். வெளியூர் பஸ் கண்டக்டர். முப்பது வருஷமாகக் கடைசி சீட் வரைக்கும் கூவி, ரகசியம் பேசினாலே மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும் குரல்.

"வாங்க சார். அவ தூங்குறா."

"காலை பத்தரை மணிக்கா?"

"ஆமா சார். நல்ல தூக்கம்."

உள்ளே சமையலறைப் பக்கம் ஒரு தட்டு விழுந்து உருண்டது. யாரோ அதைக் காலால் மிதித்து நிறுத்தினார்கள். கண்டக்டர் கூரையைப் பார்த்தார். கூட்டாளி தரையைப் பார்த்தார்.

"என் மேல ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

"கோவமா? அவளா?" கண்டக்டர் குரலைத் தணித்ததாக நினைத்துக்கொண்டு முழங்கினார். "சார், அவளுக்கு உங்க மூஞ்சில முழிக்கவே கூச்சமா இருக்குதாம். நீங்க ஒண்ணும் கேக்காமப் போயிட்டீங்கன்னாலே போதும்ங்கிறா."

என் பொய்க்கு அவர் வெட்கப்படுகிறார் என்று கூட்டாளிக்குப் புரிந்தது. தெருவில் இறங்கி நடந்தபோது, கடைக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நடந்தார்.

வெள்ளிக்கிழமை. தீயணைப்புத் தலைமை அலுவலகத்தில் நீளமான மேசை ஒன்று. நடுவில் விசாரணை அதிகாரியம்மா, மூன்று பேனாக்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு. ஒரு பக்கம் மீசைக்காரர், மடியில் தொப்பியோடு. எதிர்ப்பக்கம் இஸ்திரியக்காவும் கண்டக்டரும். அக்கா கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"தட்டினவர் யாருன்னு நீங்க கண்டுபிடிச்சீங்களா?" என்று அதிகாரியம்மா கூட்டாளியைக் கேட்டார்.

கூட்டாளி எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்திவிட்டுப் பேசலாமா, பேசிவிட்டு நிறுத்தலாமா என்று தடுமாறி, நிறுத்தாமலே பேசினார்.

"அப்படி யாருமே இல்லைம்மா. துவாரமும் இல்ல, கடிதமும் நாந்தான் எழுதினேன். ஒரு துப்பறியும் நாவலுக்கு எழுதி வேண்டாம்னு போட்ட பக்கத்தை எடுத்து அக்கா புத்தகத்துல சேர்த்துட்டேன். அக்கா எங்கிட்ட உண்மையைத்தான் சொன்னாங்க. அது நல்லா இல்லைன்னு எனக்குத் தோணிச்சு." மீசைக்காரர் பக்கம் திரும்பினார். கண்ணைப் பார்க்க முடியாமல் தொப்பியைப் பார்த்துச் சொன்னார். "நீங்க யாரையும் விட்டுட்டு வரல சார். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

மீசைக்காரர் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

அசிங்கம் முழுசாக வெளியே வந்துவிட்டது. இதற்கு மேல் தலைகுனிய ஒன்றுமில்லை என்று கூட்டாளிக்கு ஒரு விநோதமான ஆறுதல் ஏற்பட்டது. வேலை போகும். போகட்டும். இரண்டு மேசையையும் தட்டுமுட்டுச் சாமான் கடையில் போட்டுவிடலாம்.

விசாரணை அதிகாரியம்மா ஒரு பேனாவை எடுத்துக் கோப்பைப் புரட்டினார். புருவம் சுருங்கியது.

"ஒரு நிமிஷம். தட்டினதே கதைங்கிறீங்க. ஆனா இவரோட அறிக்கையில இருக்கே." வாசித்தார். "'முதல் நாள் மாலை ஐந்தரை மணி. துணி அறைப் பின்சுவரில் கம்பியால் பல முறை தட்டினோம். உள்ளிருந்து பதில் இல்லை. யாரும் இல்லை என முடிவு செய்தோம்.'"

"ஆமாம்மா" என்றார் மீசைக்காரர், தொப்பியை இறக்கி. "அரை மணி நேரம் தட்டினேன். ஒரு சத்தம் வந்திருந்தா அன்னைக்கே எடுத்திருப்போம். மூணாம் நாள் இவங்க வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வந்து, 'துணி ரூம்லதான் இருப்பா'ன்னு அடிச்சுச் சொன்ன பிறகுதானே தோண்டினோம்."

"அக்கா தூக்கத்துல இருந்திருப்பாங்க" என்றார் கூட்டாளி அவசரமாக. அக்காவுக்காக ஒரு தடவையாவது உண்மை பேச அவருக்கு ஆசையாக இருந்தது. "ஆறு நாள் கேட்டேன். தூங்கினேன்னுதான் சொன்னாங்க."

"அப்படியாம்மா? கம்பியால அரை மணி நேரம் தட்டியும் எழுந்திருக்காத தூக்கமா?"

இஸ்திரியக்கா காது வரை சிவந்து, ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

கண்டக்டர் மனைவியின் காதருகே குனிந்து, அறை முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்: "இன்னும் எதுக்குடி மறைக்கிற? மண்ணு சரிஞ்சதே தெரியாம, தட்டுறது சூப்பர்வைசர், மத்தியான ஷிஃப்டுக்கு எழுப்புறார்னு நெனச்சு மூச்சுக் காட்டாம முழிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன்னு சொல்லிடு. அதான் இந்த சார் எப்பவோ கண்டுபிடிச்சு, நீ திருப்பித் தட்டினதா மானத்தைக் காப்பாத்தி எழுதிக் கொடுத்துட்டாரே!"